மடிப்புக்கோடு

கப்பலூர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில்
என் வேலை கோடு போடுவது.
வெட்டுகிற கத்தி வேறு, மடிக்கிற கத்தி வேறு;
மடிக்கிறதுக்கு முனை மழுங்கியிருக்க வேண்டும்.
அல்வாப் பெட்டியோ சட்டைப் பெட்டியோ
எதை விரித்துக் கொடுத்தாலும்
எங்கே முறியும் என்று விரல் சொல்லும்.

ஏழு வருடத்தில் ஐந்து வாடகை வீடு.
ஆணி அடிக்கக் கூடாது என்பது
ஐந்து வீட்டுக்காரர்களுக்கும் பொதுவான வேதம்.
அதனால் என் குருவிப்பெட்டி
கொடிக்கயிற்றில் தொங்க வேண்டும்,
கிளம்புகிற நாளில் தட்டையாகி
ரேஷன் கார்டு, கேஸ் புத்தகத்தோடு
ஒரே பைக்குள் போக வேண்டும்.

முதல் பெட்டி அட்டையில்.
பங்குனியில் பெய்த ஒரே மழைக்குத்
தோசைமாவாய்ச் சரிந்தது.
இரண்டாவதற்கு,
தேர்தல் முடிந்த வாரம்
வில்லாபுரம் மின்கம்பத்தில்
ஒற்றைக் கம்பியில் ஆடிக்கொண்டிருந்த
பிளாஸ்டிக் பலகையைக் கழற்றி வந்தேன்.
டெபாசிட் போனவர். யாரும் கேட்கவில்லை.
குழல் குழலாய் உள்ளே காற்றோடும் ஷீட்.
கும்பிட்ட கைகள் கூரைக்குப் போயின,
பல்வரிசை பின்சுவருக்கு,
உட்பக்கமாய்.

டை அடிக்கிற ஜெய்னுலாப்தீன் அண்ணன்
படத்தைத் தலைகீழாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"வாசல்ல எதுக்கும்மா குச்சி?
குருவிக்கு வேணாம். காக்கா உக்காந்து திங்கத்தான்."
குச்சியை அழித்தேன்.
வாசல் ஒன்றேகால் அங்குலம்;
தண்ணீர் பாட்டில் மூடி
உரசாமல் உள்ளே போகும் அளவு.

இது மதுரை.
சித்திரையில் பகல் இரண்டு மணிக்கு
உள்ளே கை விட்டுப் பார்த்தேன்:
இட்லிக் கொப்பரை.
விரலிடை விட்டு
கூரைக்கு மேல் இன்னொரு கூரை வைத்தேன்.

தெற்குவாசல் பூக்கடைத் தராசில்
நூற்று எண்பது கிராம்.
"தை மாசத்து மல்லின்னா ஐந்நூத்தி நாப்பது ரூவா.
இதுல என்னக்கா இருக்கு?" என்றாள் பாண்டீஸ்வரி.
"ஒண்ணுமில்ல, காலி."
மடிக்கப் பதினொரு நொடி.
ஒன்பது முறை போனில் பார்த்தது.
ஒரு முறை மட்டும் பதினான்கு; நகம் மாட்டிக்கொண்டது.

முருங்கைக்கும் தண்ணீர்த்தொட்டிக்கும் நடுவே கட்டினேன்.
இரவு ஷிப்ட் முடிந்து
துவைகல்லில் உட்கார்ந்து டீ ஆற்றும் நேரம்தான்
பார்ப்பதற்கு.
ஆறு வாரம் எதுவும் வரவில்லை.
ஒரு பல்லி குடிவந்து, பிடிக்காமல் போனது.
பக்கத்து வீட்டு சலேத் மேரி
"உண்டியலா?" என்று கேட்டார்.

வீட்டுக்காரர் குப்புராம் வந்தார்.
ஆவணியில் மகனுக்குக் கல்யாணம்,
ஆனியிலேயே வீடு வேண்டும்.
சரி என்றேன்.
மடிக்கத் தெரிந்தவளுக்கு என்ன.

டெம்போ வந்து நின்றது.
கட்டில் மடிந்தது, நாற்காலி மடிந்தது,
கொசுவலை, பாய்.
கடைசியாகக் கொல்லைக்குப் போய்
பெட்டியின் அடிநாக்கை இழுக்கக்
கட்டைவிரலை வைத்தேன்.

உள்ளே ஓர் உரசல்,
நமத்த தீக்குச்சியைக் கிழிப்பது மாதிரி.
வாசலில் அலகு.
தொண்டையில் கறுப்பில்லை, பெண்.
பறக்கவில்லை.
வாடகை பாக்கி இல்லாதவள் பார்க்கிற பார்வை.

கடைசிப் பத்து நாளும் எனக்குப் பகல் ஷிப்ட்,
ராத்திரியெல்லாம் சாமான் கட்டு.
எப்போது வந்தாள் என்று தெரியாது.
அவள் தொட்டிக்குப் போன இடைவெளியில்
டார்ச் அடித்தேன்:
வைக்கோல், தேங்காய் நார்,
யாருடைய சேலையிலிருந்தோ ஒரு சாண் ஜரிகை,
நான்கு முட்டை.

ஹார்ன் அடித்தது டெம்போ.
குப்புராம் எட்டிப் பார்த்து
நெற்றியைச் சொறிந்தார்.
"நாளைக்கு வெள்ளையடிக்க ஆள் வருதே."
கொஞ்ச நேரம் கழித்து,
"கொல்லைப்பக்கத்தைக் கடைசியா அடிக்கச் சொல்றேன்."

அவர் சட்டைப்பையில் இருந்த பேனாவை வாங்கி
வரைபடத்தில்
'மடிக்க: பதினொரு நொடி' என்றிருந்ததற்கு முன்னால்
'பன்னிரண்டு நாள், அப்புறம் பதினைந்து நாள், அப்புறம்'
என்று எழுதினேன்.

திருநகர் வீட்டு ஆணியில்
(இங்கே ஓர் ஆணி இருக்கிறது)
பை தொங்குகிறது,
ரேஷன் கார்டு ஒரு பக்கமாய்ச் சரிந்து.
இந்நேரம் அங்கே, இருட்டில்,
நான்கு முட்டைகளைப் பார்த்து
டெபாசிட் போன ஒருவர்
எல்லாப் பல்லும் தெரியச்
சிரித்துக்கொண்டிருப்பார்.